முதியவரின் கட்டிலருகே கேட்கப்படாத கேள்வி

முதியோர் பராமரிப்பு என்றதும் எமது பத்திரிகைகள் பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளைப் பற்றியும் பெருகிவருகின்ற முதியோர் இல்லங்களைப் பற்றியுமே பெரும்பாலும் எழுதுகின்றன. ஒக்டோபர் முதலாம் திகதி சர்வதேச முதியோர் தினத்துக்கான அத்தகைய பக்கங்களை நானும் பல வருடங்கள் தயாரித்திருக்கிறேன். இலங்கைச் சனத்தொகையில் 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் 1981 குடிசன மதிப்பீட்டில் 6.6 வீதமாக இருந்து 2012 இல் 12.4 வீதமாக அதிகரித்தனர். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கவேண்டிய கடமையைப் பிள்ளைகள் மீது சுமத்துகிறது. ஆனால், பாசமுள்ள பிள்ளைகளைப் பெற்றவரும்கூட, வைத்தியசாலை விடுதியில் சேர்க்கப்பட்ட முதல் நாளிலேயே கைவிடப்பட்டவராகிவிடக்கூடும் என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

விடுதிக்கு வருகின்ற முதியவரின் இரத்த அழுத்தமும் காய்ச்சலும் சீனியின் அளவும் 'பெட் ஹெட் டிக்கெட்' என்று எமது வைத்தியசாலைகளில் அழைக்கப்படுகின்ற பதிவேட்டில் குறிக்கப்படுகின்றன. சென்ற கிழமை அவர் தானாக எழுந்து நடந்தாரா, குளித்தாரா, மலசலகூடத்துக்குச் சென்றாரா, என்ன சாப்பிட்டார், எப்படி உறங்கினார், அண்மையில் எங்கேனும் விழுந்தாரா, பேச்சில் தெளிவு இருந்ததா என்ற கேள்விகளுக்கு அதில் பெரும்பாலும் இடமில்லை. முதியோருக்கான தாதியப் பராமரிப்பு தொடங்கவேண்டியதே இந்தக் கேள்விகளில் இருந்துதான். முன்னர் எப்படி இருந்தார் என்பது தெரியாவிட்டால், இப்போது எதை இழந்திருக்கிறார் என்பதும் தெரியாது.

இது மேல்நாட்டு ஆடம்பரம் என்று எவரும் கருதவேண்டியதில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த டொரீன் நோர்ட்டன் என்ற தாதி, வைத்தியசாலைகளில் முதியோருக்கு ஏற்படுகின்ற படுக்கைப்புண்களைச் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஆராய்ந்து 1962 இல் வெளியிட்ட அளவுகோலுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், கைகால்களை அசைக்கும் ஆற்றல், மலசலத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் ஆகிய ஐந்துக்கும் தலா 1 முதல் 4 வரை புள்ளி. மொத்தம் 20. கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் குறைவானால் அவருக்குப் படுக்கைப்புண் வரக்கூடும் என்று கொண்டு, குறித்த நேரங்களில் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒரு பேனாவும் ஐந்து நிமிடமும் போதும். ஆனால், ஒரு விடுதி முழுவதையும் இரவில் இரண்டு தாதியர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்போது அந்த ஐந்து நிமிடத்தை எங்கே தேடுவது? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் மருத்துவர்களும் தாதியரும் பெருமளவில் நாட்டைவிட்டு வெளியேறிய நிலையில், எஞ்சியிருப்பவர்களைக் குறைசொல்வது நியாயமாகாது.

எமது பத்திரிகையில் ஒப்புநோக்குநராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், 78 வயதில், சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சலுடன் கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டிருந்தார். நான் பார்க்கச் சென்றபோது அவரது கைகள் துணிப்பட்டியால் கட்டிலுடன் கட்டப்பட்டிருந்தன. இரவில் சேலைன் குழாயைப் பிடுங்கினாராம். என்னைக் கண்டதும் "பக்கம் போய்விட்டதா?" என்று கேட்டார். மறதிநோய், இந்த வயதில் இப்படித்தான் என்று மருமகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை வரை குறுக்கெழுத்துப்போட்டியை நிரப்பிவந்த மனிதர் அவர். மூன்றாவது நாள் பணிக்கு வந்த, கிழக்கைச் சேர்ந்த ஒரு தாதிதான் "காய்ச்சலுக்கு முன்னர் ஐயா எப்படி இருந்தவர்?" என்று தமிழில் கேட்டார். கனடாவில் இருக்கும் மகளுடன் தொலைபேசியிலும் பேசினார். களவு போய்விடும் என்று மருமகளின் கைப்பையில் பத்திரப்படுத்தப்பட்டிருந்த மூக்குக்கண்ணாடியும் செவிப்புலன் கருவியும் அவரிடமே திரும்பிவந்தன. கட்டு அவிழ்க்கப்பட்டது. மருமகளைப் பக்கத்தில் இருத்தி, பகலில் அவரை நாற்காலியில் அமரவைத்தார்கள். தொற்று தணியத் தணிய நான்கைந்து நாட்களில் எம்மை அடையாளம் கண்டு பேசினார். ஆனால், அந்த மூன்று நாட்களில் இடுப்பின் கீழே தோன்றிய புண் ஆறுவதற்கு இரண்டு மாதங்கள் சென்றன.

அவருக்கு வந்தது மறதிநோய் அல்ல. காய்ச்சல், நீரிழப்பு, புதிய மருந்து, மலச்சிக்கல் போன்ற காரணங்களால் சில மணித்தியாலங்களில் அல்லது சில நாட்களில் தோன்றுகின்ற குழப்பநிலை அது. மருத்துவம் அதை டெலிரியம் என்கிறது. ஷரோன் இனோயே என்ற அமெரிக்க மருத்துவரின் குழுவினர் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளருடன் பேசுதல், நடக்கவைத்தல், நீர் அருந்தச்செய்தல், உறங்கவிடுதல், கண்ணாடியையும் செவிப்புலன் கருவியையும் அணியச்செய்தல் போன்ற எளிய பராமரிப்பினாலேயே டெலிரியம் ஏற்பட்டோரின் வீதம் 15 இலிருந்து 9.9 ஆகக் குறைந்தது. இந்த வேறுபாட்டை எமது முன்னோரும் அறிந்திருந்தார்கள். காய்ச்சலில் பிதற்றியவருக்குச் 'சன்னி' என்றார்கள். மெல்ல மெல்ல நினைவு மங்கியவரைத்தான் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்றார்கள். பாட்டிமார் பிரித்தறிந்த இரண்டையும் நாம் இன்று 'வயதுக்கோளாறு' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிடுகிறோம்.

இங்கே மொழி வெறும் உரிமைப் பிரச்சினை மாத்திரம் அல்ல. 1987 இல் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டது. ஆனால், மலையகத் தோட்டமொன்றில் இருந்து வருகின்ற ஒரு மூதாட்டியிடம் இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று சிங்களத்தில் கேட்டால், அவரது மௌனத்துக்கு என்ன புள்ளி இடுவது? தெளிவான அறிவுடையவர் குழம்பியவராகப் பதிவாகலாம். உண்மையில் குழம்பியவர், பேசாமல் கிடப்பதால் 'தொந்தரவில்லாத நோயாளி'யாகப் பதிவாகலாம். இரண்டாவதே மிகுந்த ஆபத்தானது. அமைதியாகக் கிடக்கின்ற டெலிரியம் எவர் கண்ணிலும் படுவதில்லை.

சுகாதார அமைச்சு செய்யக்கூடியது பெரிய செலவுக்குரியது அல்ல. மும்மொழியிலும் அச்சிட்ட ஒரு பக்கம். 65 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் முதல் 24 மணித்தியாலங்களுக்குள் அதைத் தாதியர் நிரப்பவேண்டும் என்ற சுற்றறிக்கை. அதை நிரப்புவதற்குப் போதிய ஆளணி. மூன்றாவது இல்லாவிட்டால் முதலிரண்டும் இன்னொரு காகிதக்கட்டாகவே போய்ச்சேரும்.

அதுவரை, தாய்தந்தையரை ஊரில் விட்டு ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருந்து இதை வாசிக்கின்றவர்கள் ஒன்றைச் செய்யலாம். வழமையான நாளில் அம்மா என்னென்ன செய்வார், எந்த மாத்திரைகள், எந்தக் காது கேட்காது, எந்த மொழி புரியும் என்பதை ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, அவருடைய கிளினிக் கொப்பிக்குள் வைக்கச்சொல்லுங்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தையும், எந்த நேரமும் அழைக்கலாம் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.