பந்து இருக்கு, பிட்ச் எங்கே?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனைத் தெரியாத கிரிக்கெட் ரசிகர் திருச்சியில் உண்டா? அப்பா விசைத்தறித் தொழிலாளி. அம்மா ரோட்டோரம் சிக்கன் கடை போட்டவர். அந்த வீட்டுப் பிள்ளை 2020 கடைசியில் வலைப் பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியா போனார். போன இடத்தில் மற்றவர்களுக்குக் காயம். கதவு திறந்தது. டிசம்பர் 2-இல் ஒருநாள் போட்டி, 4-இல் இருபது ஓவர், 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட்!

ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். பிரிஸ்பேனில் முதல் இன்னிங்சில் 3 விக்கெட். சதம் அடித்த லபுஷேனும் அதில் அடக்கம். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்காத மைதானம் அது. அந்தக் கோட்டையை இந்தியா தகர்த்தது. பலே!

இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். கதைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைத்தான் திருச்சிக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

நடராஜன் இந்தியாவுக்கு ஆடியது எத்தனை? டெஸ்ட் 1, ஒருநாள் 2, இருபது ஓவர் 4. ஆக மொத்தம் ஏழே ஏழு! 2021 மார்ச் 28-இல் புனேயில் இங்கிலாந்துக்கு 14 ரன் வேண்டும் என்ற நிலையில் கடைசி ஓவர் போட்டார். யார்க்கராகப் போட்டு ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த மாதமே முழங்காலில் ஆபரேஷன். 2024 ஐ.பி.எல்.லில் 19 விக்கெட் எடுத்தும் இருபது ஓவர் உலகக் கோப்பை அணியில் இடமில்லை.

திறமை குறைவா? இல்லவே இல்லை. கிடைத்த காலம்தான் குறைவு.

சுமார் 20 வயது வரை அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்து. தோல் பந்தைப் பிடித்ததே அதற்கப்புறம்தான். ஜெயப்பிரகாஷ் என்ற உள்ளூர்க்காரர் கைதூக்கி விட்டார். சென்னை லீக்கில் ஆடி, 2014-15 சீசனில் ரஞ்சியில் இடம் பிடித்தார். உடனே இடி விழுந்தது. பந்து வீசும்போது கை மடங்குகிறது என்று புகார்! திருத்திக்கொண்டு வர ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இந்தியத் தொப்பி போட்டபோது வயது 29.

வேகப்பந்து போடுகிறவனுக்கு உடம்புதான் மூலதனம். ஒவ்வொரு பந்துக்கும் முன்னங்காலில் உடம்பு எடை போல பல மடங்கு பாரம் இறங்குகிறது. முட்டி, இடுப்பு, தோள் எல்லாம் தேய்கிற தொழில். அதில் ஐந்தாறு வருஷம் முன்னாலேயே நல்ல பிட்சும், கை மடங்குவதைச் சொல்லித் திருத்த ஒரு கோச்சும் கிடைத்திருந்தால்? ஏழு எழுபது ஆகியிருக்காதா?

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

ஞாயிற்றுக்கிழமை கொள்ளிடம் மணலைப் பாருங்கள். ஸ்ரீரங்கம் வீதிகளைப் பாருங்கள். பாலக்கரை, பொன்மலை, உறையூர் எங்கே போனாலும் பையன்கள் டென்னிஸ் பந்தும் மட்டையுமாகத்தான் நிற்கிறார்கள். அதில் ஒருத்தன் கைக்கு யார்க்கர் வருகிறதா, வராதா, யாருக்குத் தெரியும்? மணலில் பந்து எழும்பாது. தெருவில் ஓடி வந்து போட இடமில்லை.

தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திருச்சி பேரில் அணி இருக்கிறது. 2023-இல் நடராஜனே அந்த அணிக்கு ஆடினார். ஆட்டம் நடந்ததோ கோவை, திண்டுக்கல், சேலம், நெல்லையில்! சேலத்துக்காரர்கள் வாழப்பாடியில் 2020-இல் மைதானம் திறந்தார்கள். சில வருஷத்திலேயே லீக் ஆட்டம் அங்கே வந்துவிட்டது. நமக்குப் பேர் மட்டும். பந்தயம் பார்க்க பஸ் ஏற வேண்டும்.

மலைக்கோட்டை மாநகருக்கு இது அழகா?

பெரிய ஸ்டேடியம் வரும்போது வரட்டும். அது கோடிக்கணக்கில் செலவு. நாம் கேட்பது சின்ன விஷயம். நகரத்துப் பொது மைதானம் ஒன்றில் நாலைந்து டர்ஃப் பிட்ச். சுற்றி வலை. சாயங்காலம் ஒரு கோச். கட்டணம் கட்ட முடியாத பையனுக்கும் உள்ளே இடம். பிட்சுக்குத் தண்ணீர் ஊற்றி ரோலர் ஓட்ட நிரந்தரமாய் ஒரு ஆள். மாநகராட்சியும் மாவட்டக் கிரிக்கெட் சங்கமும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம்தான் இது.

கடை வைத்திருப்பவர்களும் மனசு வைக்கலாம். பெரிய கடைவீதிச் சங்கம் ஒன்று ஒரு பையனுக்கு ஸ்பைக்ஸ் ஷூவும் தோல் பந்தும் வாங்கித் தந்தால் சொத்து கரைந்துவிடாது. சின்னப்பம்பட்டியில் ஒரு மனிதர் செய்ததைத் திருச்சியில் ஒரு வீதியே சேர்ந்து செய்ய முடியாதா?

நடராஜன் தன் பங்கைச் செய்துவிட்டார். 2023 ஜூனில் சொந்த ஊரிலேயே மைதானம் அமைத்துத் திறந்தார். பின்னால் வருகிற பையன் 20 வயது வரை காத்திருக்கக் கூடாது என்ற எண்ணம் அது.

கிராமத்தால் முடிந்தது, மாநகரத்தால் முடியாதா? அதிகாரிகள்தான் பதில் சொல்ல வேண்டும்!