ஐம்பதிலும் வளையும், ஆனால் யாருக்கு?

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” இந்தப் பழமொழியைக் கேக்காமல் எங்கட ஊரில யாரும் வளர்ந்திருக்க மாட்டினம். இப்ப அதுக்கு நேர் எதிரான வசனம் ஒன்று எல்லா இடமும் ஓடுது: “உன் மூளையை நீயே மாத்தலாம், நினைச்சா எதுவும் முடியும்.” தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் சொல்லுகினம், யூடியூப்பில சொல்லுகினம், ரியூசன் நோட்டீசிலயும் வந்திட்டுது. ‘நியூரோபிளாஸ்டிசிட்டி’ எண்டு ஒரு பெரிய சொல்லையும் சேத்துவிட்டால் கேக்கிறவர் வாயை மூடிருவார்.

முதலாவது வசனம் பிழை. இரண்டாவது வசனம் அதைவிட ஆபத்தான பிழை. இதை மூளையின் இயக்கப் புறணி பற்றிய ஆய்வுகளை வைத்தே சொல்லலாம் எண்டு நினைக்கிறன். கலைப்பீடத்தில படிக்கிற ஆளுக்கு மூளையில என்ன வேலை எண்டு நீங்கள் கேக்கலாம். விஞ்ஞானத்தின் பெயரால சொல்லப்படுகிற வசனங்கள் மனிசரை எப்படித் தரம் பிரிக்குது எண்டு பாக்கிறது எங்கட வேலையும்தான்.

இயக்கப் புறணி என்பது மூளையின் மேற்பரப்பில், ஏறத்தாழ ஒரு காதில் இருந்து மற்றக் காது வரை உச்சந்தலைக்குக் கீழால் போகிற ஒரு பட்டி. கை, கால், முகம் எல்லாவற்றையும் அசைக்கிற கட்டளைகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் புறப்படுகிறது. இடது பக்கப் புறணி வலது கையையும், வலது பக்கப் புறணி இடது கையையும் அசைக்கும். 1870 இல் பெர்லினில் பிரிட்ச், ஹிட்சிக் என்ற இரண்டு பேர் நாய்களின் மூளையில் இந்த இடத்துக்கு மின்னோட்டம் கொடுத்து, எதிர்ப்பக்கக் கால் அசைவதைக் காட்டினார்கள்.

நாலு வருசம் கழித்து, 1874 இல், அமெரிக்காவின் சின்சினாட்டியில் ரொபர்ட்ஸ் பார்த்தலோ என்ற மருத்துவர் இதை ஒரு மனிசியில் செய்து பார்த்தார். அவரின் பெயர் மேரி ரபர்ட்டி. அயர்லாந்தில் பிறந்து, வீட்டுவேலை செய்து சீவித்தவர். புற்றுநோய் மண்டையோட்டை அரித்து மூளை வெளியே தெரிகிற நிலையில் இருந்தார். பார்த்தலோ மூளைக்குள் ஊசிகளைச் செலுத்தி மின்னோட்டம் பாய்ச்சினார். எதிர்ப்பக்கக் கையும் காலும் அசைந்தன. மின்னோட்டத்தைக் கூட்டினார், வலிப்பு வந்தது. சில நாட்களில் மேரி இறந்துபோனார். அவர் சம்மதித்துத்தான் செய்தேன் என்று மருத்துவர் எழுதினார். கண்டனங்கள் வந்த பிறகு வருத்தமும் தெரிவித்தார். மூளையைத் தூண்டிப் பார்க்கிற விஞ்ஞானத்தின் வரலாற்றில் யாருடைய உடம்பு முதலில் மேசைக்கு வந்தது என்பதை மறக்கக் கூடாது.

1930களில் மொன்றியலில் வைல்டர் பென்பீல்ட் வலிப்பு நோயாளர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்யும்போது, அவர்கள் விழித்திருக்கிற நிலையிலேயே புறணியைத் தொட்டுத் தொட்டு ஒரு வரைபடம் தயாரித்தார். பாடப்புத்தகங்களில பெரிய கை, பெரிய உதடு, சின்ன உடம்பு எண்டு ஒரு விநோதமான குட்டி மனிசனைப் பார்த்திருப்பீங்கள். அந்தப் படம் அங்கிருந்து வந்ததுதான். படம் அச்சில் நிலைத்தது போல, மூளையும் அப்படியே நிலைத்தது என்ற எண்ணம் கனகாலம் இருந்தது.

அதை அசைத்தது ஒரு கம்பிச் சுருள். 1985 இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தனி பார்க்கரும் அவருடைய குழுவும் தலைக்கு மேலே ஒரு சுருளைப் பிடித்து, அதனூடாக மிகக் குறுகிய நேரத்துக்கு வலுவான மின்னோட்டம் அனுப்பினார்கள். மாறுகிற காந்தப்புலம் பக்கத்திலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831 இல் பரடே கண்டது பள்ளிக்கூடத்தில படிச்சதுதான். இங்கே கடத்தி எங்கட மூளை. தலையைத் திறக்கத் தேவையில்லை, ஊசி இல்லை, நோவும் பெரிசா இல்லை. சுருள் ‘டக்’ எண்டும், எதிர்ப்பக்க விரல் துடிக்கும். அந்தத் துடிப்பைத் தசையில் ஒட்டிய மின்வாயால் அளக்கலாம். சுருளை அங்குலம் அங்குலமாக நகர்த்தினால், ஒரு விரலுக்குரிய இடம் எவ்வளவு பெரிது என்று வரைபடமும் போடலாம். இதே ஆளை நாளைக்கும் அடுத்த கிழமையும் திரும்ப அளக்கலாம் என்பதுதான் முக்கியம். ஒரு தடவை எடுத்த படத்தில் மாற்றம் தெரியாது, திரும்பத் திரும்ப எடுத்தால்தான் தெரியும்.

அப்படிப் பார்த்தபோது கிடைத்தவை உண்மையிலேயே ஆச்சரியமானவை. 1995 இல் அல்வாரோ பஸ்குவல்-லியோனும் கூட்டாளிகளும், பியானோ வாசிக்கத் தெரியாத ஆட்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். தினம் இரண்டு மணித்தியாலம், ஐந்து நாள். நாளுக்கு நாள் விரல் தசைகளுக்குரிய இடம் விரிந்தது. இன்னொரு குழுவினர் பியானோவுக்கு முன்னால் இருந்து, விரலை அசைக்காமல் மனதுக்குள் மட்டும் வாசித்தார்கள். அவர்களுடைய வரைபடமும் அதேமாதிரி விரிந்தது!

1998 இல் ஜோசப் கிளாசென் குழுவினர் செய்தது இன்னும் எளிமையானது. சுருளால் தூண்டும்போது பெருவிரல் எந்தப் பக்கம் அசைகிறது என்று முதலில் பார்த்தார்கள். பிறகு அரை மணித்தியாலம் வேறு திசையில் அசைக்கப் பழக்கினார்கள். திரும்பவும் தூண்டியபோது விரல் பழகிய திசையிலேயே அசைந்தது. அரை மணித்தியாலம்தான்! இவர்கள் எல்லாம் வளர்ந்த ஆட்கள். ஐந்தில் வளையாட்டிலும் வளையுது.

சரி, அப்ப பேச்சாளர்கள் சொல்லுறது சரிதானே எண்டு கேப்பீங்கள். அதே ஆய்வுகளின் மிச்சத்தையும் வாசிக்க வேணும். பெருவிரல் ஆய்வில் அந்த மாற்றம் சில நிமிடங்களே நின்றது, பிறகு பழைய திசைக்கே திரும்பிவிட்டது. பியானோ ஆய்வில் மனதுக்குள் வாசித்தவர்கள், கையால் வாசித்தவர்கள் அளவுக்கு முன்னேறவில்லை. கையால் ஒரு இரண்டு மணித்தியாலம் பழகின பிறகுதான் எட்டிப்பிடித்தார்கள். நினைச்சால் மூளை கொஞ்சம் ஆயத்தமாகும், வேலையைக் கைதான் செய்ய வேணும்.

இன்னொன்று, நெகிழ்தன்மை நல்ல பக்கம் மட்டும் வளையிற சாமான் இல்லை. 1995 இல் ஜெர்மனியில் லீபெர்ட் குழுவினர், கணுக்கால் அசைக்க முடியாதபடி கட்டுப் போட்டிருந்தவர்களைச் சோதித்தார்கள். நரம்பில் ஒரு காயமும் இல்லை. ஆனாலும் அந்தக் காலின் தசைக்குரிய புறணிப் பகுதி சுருங்கியிருந்தது. கட்டு எவ்வளவு நாள் இருந்ததோ அவ்வளவுக்குச் சுருக்கமும் கூட. தசையைத் தானாக இறுக்கச் சொன்னபோது அந்தக் குறை கெதியாக மறைந்தது என்பது ஆறுதல். பாவித்தால் விரியிற அதே மூளை, பாவிக்க விடாமல் வைத்தால் சுருங்கும்.

மூளையை வெளியிலிருந்து தூண்டியே மாற்றலாமா? 2000 இல் கோட்டிங்கனில் நிட்ஷவும் பவுலஸும் ஒரு மில்லியம்பியர் அளவு நேர்மின்னோட்டத்தைச் சில நிமிடம் தலையோட்டினூடாகக் கொடுத்து, புறணியின் உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று காட்டினார்கள். இதை வைத்து வீட்டில் மாட்டிக்கொள்ளும் கருவிகள் சந்தைக்கு வந்தன. ஆனால் காந்தத் துடிப்பைத் தொடராகக் கொடுக்கிற ஒரு முறையை 2013 இல் ஹமாடா குழுவினர் ஐம்பதுக்கு மேற்பட்டவர்களில் சோதித்தபோது, சிலருக்குக் கூடியது, சிலருக்குக் குறைந்தது, மொத்தத்தில் எதிர்பார்த்த விளைவே இல்லை. ஒரே துடிப்பு, வேறு வேறு மூளை. பெட்டியில் அடைத்து விற்கிற அளவுக்கு இது இன்னும் வரவில்லை.

2023 இல் தமார் மேக்கினும் ஜோன் கிராகவரும் எழுதிய கட்டுரை இன்னும் கடுமையானது. மூளையின் ஒரு பகுதி தன் வேலையை விட்டுவிட்டுப் புதிய வேலை ஒன்றை ஏற்கிறது என்று சொல்லப்படுகிற பிரபலமான உதாரணங்களை எடுத்து, அவற்றில் பலவற்றில் நடப்பது ஏற்கெனவே மங்கலாக இருந்த தொடர்புகள் பயிற்சியால் வலுப்படுவதுதான் என்று வாதிட்டார்கள். எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை. மாற்றம் என்பது மந்திரம் இல்லை, பயிற்சி என்றுதான் அவர்களும் சொல்லுகினம்.

இப்ப என்னுடைய விசயத்துக்கு வாறன். 2000 இல் லீபெர்ட் குழுவினர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இருக்கு. பாரிசவாதம் வந்து கனகாலம் ஆன 13 பேர். நல்ல கையைக் கட்டிவைத்து, பலவீனமான கையை மட்டும் பாவிக்க வைக்கிற சிகிச்சை, 12 நாள். எட்வர்ட் டோப் உருவாக்கிய முறை இது. இதன் வழமையான வடிவத்தில் ஒரு நாளைக்குப் பல மணித்தியாலம் பயிற்சி நடக்கும். முடிவில் பலவீனமான கைக்குரிய புறணிப் பகுதி பெரிதாக விரிந்திருந்தது. ஆறு மாதம் கழித்தும் கை நல்லாய் இயங்கியது. “இனி வராது” என்று கைவிடப்படுகிற காலகட்டத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

இந்த 12 நாளை ஒருக்கா எண்ணிப் பாருங்கோ. அந்தப் பல மணித்தியாலமும் பக்கத்தில இருந்து பழக்க ஒரு இயன்மருத்துவர் வேணும். வந்துபோக வாகனம் வேணும். வீட்டில சமைக்க, பிள்ளை பாக்க, கூலிக்குப் போக வேற ஆள் வேணும். தோட்ட லயத்தில இருக்கிற ஒரு அம்மாவுக்கோ, கடற்றொழில் செய்கிற ஒரு ஐயாவுக்கோ இது எப்படிக் கிடைக்கும்? அவரின் மூளையும் அதே மூளைதான், அதே மாதிரி வளையக்கூடியது. வளைய விடுகிற நேரம்தான் அவரிட்ட இல்லை.

அதனால்தான் “நினைச்சா எதுவும் முடியும்” என்ற வசனத்தை ஆபத்தானது என்றேன். கை திரும்ப வராத மனிசரைப் பார்த்து “நீங்கள் முயற்சிக்கேல்லை” எண்டு சொல்ல அது இடம் குடுக்குது. பழைய பழமொழி ஆளைக் கைவிட்டது. புதிய வசனம் கைவிட்டுவிட்டு, பழியையும் அவர் தலையிலேயே போடுது. முன்பள்ளி தொடக்கம் கம்பஸ் வரை இது நடக்குது. பயிற்சிக்கு வசதியும் நேரமும் கிடைச்ச பிள்ளையை ‘மூளைசாலி’ எண்டும், கிடைக்காத பிள்ளையை ‘மண்டையில ஏறாது’ எண்டும் சொல்லிப் பழகியிருக்கிறம்.

இந்த ஆய்வுகளில இருந்து ஒரு கோசம் எடுக்க வேணுமெண்டால், அது தனிமனிசருக்கானதாக இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிகளுக்கும் சுகாதார வரவு செலவுத் திட்டத்துக்கும் வைக்கிற கேள்வியாக இருக்க வேணும். பாரிசவாதம் வந்தவர் வீட்டுக்குப் போன பிறகு எத்தனை மணித்தியாலப் பயிற்சி கிடைக்குது? யார் குடுக்கினம்? பிரதேச ஆஸ்பத்திரியில இயன்மருத்துவர் இருக்கிறாரா, கிழமையில எத்தனை நாள் வாறார்? அடுத்த தேர்தலுக்கு வோட்டுக் கேட்டு வாசலுக்கு வாறவையிட்ட றோட்டு, லைற்றோட இதையும் கேளுங்கோ.