நிறம் மாறினால் போதுமா? நினைவும் வேண்டும்!

இத்தாலி நாட்டில் பொலோனா என்று ஒரு நகரம். 1603-ம் ஆண்டு வாக்கில் அங்கே வின்சென்சோ கஷியரோலோ என்ற தொழிலாளி இருந்தார். செருப்பு தைப்பது அவர் தொழில். மட்டமான உலோகத்தைத் தங்கமாக மாற்றிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

ஊருக்குப் பக்கத்து மலையில் அவருக்கு ஒரு கல் கிடைத்தது. அளவுக்கு மிஞ்சிய கனம். அதைக் கரியோடு சேர்த்து உலையில் சுட்டார். தங்கம் வரவில்லை. வேறொரு விந்தை நடந்தது. பகலில் வெளிச்சத்தில் வைத்த கல், இரவில் தணல் போல ஒளி வீசியது!

பெரிய பெரிய அறிஞர்கள் எல்லாம் அந்தக் கல்லைப் பார்த்து அதிசயித்தார்கள். ஆனால் கொஞ்ச நேரம்தான். ஒளி மங்கியது. மறுபடியும் வெளிச்சத்தில் வைக்க வேண்டியதாயிற்று.

கல் செய்தது என்ன? வெளிச்சத்தை நினைவில் வைத்திருந்தது. பிறகு மறந்துவிட்டது. 400 ஆண்டுகள் கழிந்த பிறகும், அந்த மறதிதான் ஒளி ஆராய்ச்சிக்குப் பெரிய தொல்லையாக இருக்கிறது.

பாதி வேலை

ஒளி பட்டால் நிறம் மாறும் பொருள்களை விஞ்ஞானிகள் இன்று ஏராளமாகச் செய்கிறார்கள். சில பொருள்கள் நிறம் மட்டும் மாறும். சில, ஒளி பட்டதும் தாமே வேறு நிறத்தில் ஒளிரும். ரூபாய் நோட்டை வங்கியில் ஊதா விளக்கின் கீழே வைத்தால், கண்ணுக்குத் தெரியாத சில எழுத்துகளும் இழைகளும் பளிச்சென்று தெரிகின்றன அல்லவா? அதுபோன்ற ஒளிர்வுதான் இது.

இந்தப் பொருள்களுக்கு இரண்டு வேலைகள் கொடுக்கப் பார்க்கிறார்கள். ஒன்று, காவல் வேலை. கெடுதலான கதிர் பட்டால் நிறம் மாறி எச்சரிக்க வேண்டும். இரண்டாவது, கணக்குப்பிள்ளை வேலை. எழுத்து, படம், பாட்டு எல்லாவற்றையும் ஒளிப் புள்ளிகளாக வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போது திருப்பித் தர வேண்டும்.

"புதிய ஒளிர் பொருள்! ஒரு நூலகமே அதில் அடங்கும்!" என்ற மாதிரியான செய்திகள் அடிக்கடி வருகின்றன. படிப்பவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். ஆச்சரியப்படுவதில் தவறில்லை. ஆனால் நிறம் மாறுவது பாதி வேலைதான். மாறிய நிறத்தைக் காப்பாற்றுவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைப் பற்றிக் கேட்காமல் கை தட்டுவது சரியல்ல.

கடையில் துணி வாங்கும் தாய், நிறத்தை மட்டுமா பார்க்கிறாள்? சாயம் போகுமா என்றும் கேட்கிறாள். துணிக்குக் கேட்கும் கேள்வியை விஞ்ஞானத்துக்கும் கேட்கலாம்.

மறக்க வேண்டிய கண்ணாடி

வெயிலில் போனால் கறுத்து, வீட்டுக்குள் வந்தால் தெளிந்துவிடும் மூக்குக் கண்ணாடியைப் பலர் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்மிஸ்டெட், ஸ்டூக்கி என்ற இருவர் 1964-ல் இத்தகைய கண்ணாடியைப் பற்றி எழுதினார்கள். கண்ணாடிக்குள் வெள்ளி உப்பின் மிக நுண்ணிய துகள்கள் இருக்கும். வெயில் பட்டால் அவை கறுக்கும். வெயில் போனதும் பழைய நிலைக்குத் திரும்பும்.

இந்தக் கண்ணாடிக்கு மறதிதான் பெருமை. வெயிலை அது மறக்காவிட்டால், வீட்டுக்குள் வந்த பெரியவர் தடுமாறி விழுவார்!

காவல் வேலைக்கும் இப்படிப்பட்ட பொருள்தான் ஏற்றது. ஹாக்மனைட் என்று ஒரு கல் உண்டு. கிரீன்லாந்து முதலிய இடங்களில் கிடைக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டால் அதன் நிறம் மாறும். சாதாரண வெளிச்சத்தில் வைத்தால் பழைய நிறம் வந்துவிடும். பின்லாந்து நாட்டில் தூர்க்கு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இந்தக் கல்லைச் செயற்கையாகச் செய்து, கதிரை அளக்கப் பயன்படுத்தலாம் என்று காட்டியிருக்கிறார்கள். இன்றைய கதிரைக் காட்டிவிட்டு, நாளைக்குப் புதிதாகத் தயாராக வேண்டும். அதுதான் நல்ல காவல்காரன்.

கணக்குப்பிள்ளை அப்படி இருக்க முடியுமா? நேற்று எழுதிய வரவை இன்று மறந்தால் குடி கெட்டுவிடும். ஆகவே ஒரே பொருள் இரண்டு வேலைக்கும் சிறந்தது என்று யாராவது சொன்னால், உடனே நம்பிவிடக் கூடாது. ஒன்றுக்கு மறதி வேண்டும். மற்றொன்றுக்குப் பிடிவாதம் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு தகடு

இந்த வித்தை வெறும் ஆராய்ச்சிக் கூடத்து வித்தை அல்ல. கை முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பலர், தெரியாமலே இதனால் பயன் பெற்றிருக்கிறார்கள்.

பழைய நாளில் எக்ஸ்ரே படத்தைப் பிலிமில் எடுத்து, இருட்டறையில் கழுவினார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் பூஜி நிறுவனம் ஒரு புதிய தகட்டைக் கொண்டுவந்தது. பேரியம் உப்பில் யூரோப்பியம் என்ற தனிமத்தைச் சிறிதளவு கலந்து பூசிய தகடு அது.

எக்ஸ்ரே பட்டதும் தகட்டுக்குள் எலும்பின் உருவம் பதிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. பிறகு சிவப்பு லேசர் ஒளியைத் தகட்டின் மேல் வரி வரியாக ஓட்டுவார்கள். எக்ஸ்ரே அதிகம் பட்ட இடம் நீல நிறமாக அதிகம் ஒளிரும். குறைவாகப் பட்ட இடம் குறைவாக ஒளிரும். அந்த நீல ஒளியை அளந்து, கம்ப்யூட்டர் படமாக்கிவிடும். கடைசியில் பலத்த வெளிச்சத்தைக் காட்டினால் பழைய உருவம் அழிந்துவிடும். அடுத்த நோயாளிக்கு அதே தகடு!

எழுதுவது கதிர். படிப்பது ஒளி. அழிப்பதும் ஒளி.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தகட்டில் பதிந்த உருவம் நேரம் ஆக ஆக மங்கும். ஆகையால் உடனே படித்துவிடுகிறார்கள். தகட்டின் பலவீனம் தெரியும். அதற்கு ஏற்றபடி வேலையும் அமைந்திருக்கிறது. அதனால்தான் அது வெற்றி பெற்றது. பலவீனத்தை ஒளிக்காமல் சொன்னால்தான் விஞ்ஞானம் வீட்டுக்கு வந்து சேரும்.

படித்தால் அழியும் எழுத்து

மங்குவது ஒரு தொல்லை. அதைவிடப் பொல்லாத தொல்லை இன்னொன்று உண்டு. ஒளியால் எழுதியதை ஒளியால்தானே படிக்க வேண்டும்? படிக்கும் ஒளியே எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தால் என்ன செய்வது? கடிதத்தைப் பிரித்துப் படிக்கும்போதெல்லாம் ஒரு வரி மறைந்துபோவது மாதிரி!

இதில் மனித உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்கள் சட்டையில் ஒரு சிறு பட்டை அணிந்திருப்பார்கள். எவ்வளவு கதிர் அவர்கள் மேல் பட்டது என்பதை அந்தப் பட்டை நினைவில் வைக்கும். இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பட்டையில், கால்சியம் சல்பேட்டுடன் டிஸ்புரோசியம் கலந்த வில்லைகள் இருக்கின்றன. வில்லையைச் சூடு பண்ணினால் அது ஒளிரும். ஒளியை அளந்தால் கணக்குத் தெரியும். இது பல்லாண்டுகளாக நம்பகமாக நடந்துவரும் முறை. ஆனால் சூடு பண்ணியதும் நினைவு ஏறக்குறைய முழுவதும் போய்விடும்.

அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளில் வேறொரு பட்டையும் புழக்கத்தில் உள்ளது. கார்பன் கலந்த அலுமினியம் ஆக்சைடு அதில் இருக்கும். பச்சை ஒளியைக் காட்டினால் நீலமாக ஒளிரும். ஒரு முறை படிக்கும்போது நினைவில் மிகச் சிறு பங்குதான் செலவாகும். சந்தேகம் வந்தால் மறுபடி படிக்கலாம்.

"எனக்குக் கதிர் அதிகம் பட்டிருக்கிறது" என்று ஒரு தொழிலாளி முறையிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாட்சியை மறுபடி கூப்பிட்டு விசாரிக்க முடிந்தால் அவருக்கு எவ்வளவு பலம்! மறுபடி படிக்கலாமா, கூடாதா என்பது வெறும் ரசாயனக் கேள்வி அல்ல. அது நியாயக் கேள்வி.

பீரோவில் உள்ள கல்யாணம்

வீட்டுக் கதைக்கு வருவோம். கம்ப்யூட்டரில் எழுதும் சி.டி.யின் உள்ளே ஒரு மெல்லிய சாயப் பூச்சு இருக்கிறது. லேசர் பட்ட இடத்தில் சாயம் மாறுபடும். அதுதான் எழுத்து. இது ஒளிரும் பொருள் அல்ல. ஆனால் ஒளியால் எழுதும் பொருள்தான். அந்தச் சாயத்தை வெயிலும் வெப்பமும் கெடுக்கும்.

எத்தனையோ வீடுகளில் கல்யாணப் படம் அப்படிப்பட்ட ஒரே ஒரு சி.டி.யில் பீரோவுக்குள் இருக்கிறது. பேரன் ஆசையோடு எடுத்துப் போடுகிறான். படம் வரவில்லை. தாத்தாவின் முகம், பாட்டியின் சிரிப்பு, எல்லாம் போயிற்று. "ஆயிரம் ஆண்டு இருக்கும்" என்று யாரோ சொன்ன வார்த்தை மட்டும் மிச்சம்!

சி.டி. வந்தபோது, "சாயம் போகுமா?" என்று பலர் கேட்கவில்லை. அடுத்த பொருள் வரும்போதாவது கேட்க வேண்டும்.

குழந்தைமேல் மூட்டையா?

"ஆராய்ச்சி இப்போதுதான் முளை விடுகிறது. இப்போதே இத்தனை கேள்வி கேட்டால் கருகிவிடாதா?" என்று சிலர் சொல்வார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது.

இஸ்ரேல் நாட்டு அறிஞர் ஹிர்ஷ்பெர்க், 1956-ல் ஒரு யோசனை சொன்னார். ஒளியால் நிறம் வருவதையும் போவதையும் கொண்டு நினைவுப் பொருள் செய்யலாம் என்றார். ஆனால் அவர் காட்டிய நிறமாற்றம் கடுங்குளிரில் நடந்தது. வெப்பம் ஏறினால் அந்த நிறம் நிற்காது.

"நிறம் நிற்குமா?" என்ற கேள்வி விஞ்ஞானிகளை விடவில்லை. 32 ஆண்டுகள் கழித்து, 1988-ல், ஜப்பானிய அறிஞர் மசாஹிரோ இரியே அதற்கு ஒரு நல்ல பதில் கண்டார். டைஅரைல்எத்தீன் என்பது அவர் கண்ட பொருள் வகையின் பெயர். பெயர்தான் வாயில் நுழையாது. வேலை எளியது. அதன் மூலக்கூறு ஒரு கதவு மாதிரி. புற ஊதாக் கதிர் பட்டால் மூடிக்கொள்ளும், நிறம் வரும். சாதாரண வெளிச்சம் பட்டால் திறந்துகொள்ளும், நிறம் போகும். இருட்டில் வைத்தால் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். இந்த வகையில் சில பொருள்கள் 10,000 தடவைக்கு மேல் திறந்து மூடியும் கெடவில்லை.

2002-ல் இரியேயும் அவரோடு உழைத்தவர்களும், ஒரே ஒரு மூலக்கூறின் ஒளிர்வை அணைத்து, மறுபடி ஏற்றிக் காட்டினார்கள். அங்கேயும் பழைய தொல்லை விடவில்லை. படிக்கும் ஒளி எழுத்தைத் தொடாதபடி செய்வது எப்படி என்று இன்னும் பாடுபட்டு வருகிறார்கள்.

ஆகவே கேள்வி ஆராய்ச்சியைக் கொல்லவில்லை. கேள்விதான் அதை வளர்த்தது. அதே சமயம், 32 ஆண்டு பொறுமையும் தேவைப்பட்டது. பணம் கொடுக்கும் அரசாங்கங்கள் இதை மறக்கக் கூடாது. "அடுத்த வருஷம் சாமான் கடைக்கு வருமா?" என்று அவசரப்படுத்தினால், விஞ்ஞானிகள் கண்ணைப் பறிக்கும் நிறங்களைத்தான் காட்டுவார்கள். நிலைத்து நிற்கும் நிறத்தைத் தேட அவர்களுக்கு நேரம் இருக்காது.

மூன்று கேள்விகள்

ஒளியால் நிறம் மாறும் புதிய பொருளைப் பற்றிய செய்தி வந்தால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட மூன்று கேள்விகள் கேட்கலாம்.

எத்தனை தடவை மாறும்?

மாறியது எத்தனை நாள் நிற்கும்?

படித்தால் அழியுமா?

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் செய்திதான் முழுச் செய்தி. பதில் சொல்லாத செய்தி, பொலோனாக் கல்லைப் போன்றது. பார்க்க அழகு. கொஞ்ச நேரத்தில் இருட்டு.

நல்ல பொருள் ஒருநாள் கட்டாயம் வரும். அது வரும்வரை வீட்டுப் பெரியவர்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. கல்யாணப் படம், நிலப் பத்திரத்தின் நகல், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நம்பி வைக்காதீர்கள். இரண்டு மூன்று பிரதி எடுங்கள். வேறு வேறு இடத்தில் வையுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள்.

ஒளி மறக்கலாம். மனிதர்கள் மறக்கக் கூடாது!