600 குதிரைக்கு யார் தீனி போடுவது?

"அண்ணா, எங்க பெரியப்பா பையன் மெல்போர்ன்ல வேலை பார்க்கிறார். ஜப்பான்லேர்ந்து இறக்குமதியான பழைய சுப்ரா ஒண்ணு வாங்கி, பெரிய சிங்கிள் டர்போ மாட்டிட்டார். டார்கெட் 600 எச்.பி.! கையிலிருந்த காசெல்லாம் டர்போவுக்கே போயிடுச்சாம். 'பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், இப்ப ட்யூனிங்குக்கு விடறேன்'னு சொல்றார். சரியா வருமா?"

திருச்சியிலிருந்து மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தர் அனுப்பின மெயில் இது.

தம்பி, வராது. இன்னிக்கு ராத்திரியே அண்ணனுக்கு போன் போட்டுருங்க. ஏன்னு சொல்றேன்.

கல்யாணப் பந்தியில் ஒரு ஆள் விறுவிறுன்னு இலை போட்டுக்கிட்டே போறார்னு வெச்சுக்குங்க. 50 இலை போட்ட இடத்தில் இப்போ 120 இலை. சோறு மட்டும் அதே ஒரு அண்டா! டர்போ அந்த இலை போடற ஆள்தான். அது காற்றை மட்டும்தான் திணிக்கும். காற்றுக்கேத்த பெட்ரோலை அனுப்பறது வேற டிபார்ட்மென்ட்.

பந்தியில் சோறு குறைஞ்சா மாமா கோவிச்சுக்குவார், அவ்வளவுதான். இன்ஜின்ல குறைஞ்சா பிஸ்டன் போயிடும். கணக்குப்படி ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிராம் காற்று போதும். ஆனா டர்போ இன்ஜினை முழு வேகத்தில் மிதிக்கும்போது ட்யூனர்கள் வேணும்னே பெட்ரோலைக் கூட்டி, 11.5-லேர்ந்து 12-க்குள்ள வெச்சுக்குவாங்க. கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே சூட்டை இழுத்துக்கும். அது குறைஞ்சா சூடு ஏறும், 'நாக்' ஆரம்பிக்கும், பிஸ்டனில் ரிங் உட்காருற விளிம்பு உடையும், இல்லேன்னா தலையில் ஓட்டை விழும். இதில் கொடுமை என்னன்னா, சாகறதுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் கார் ஜம்முனு இழுக்கும். ஓட்டறவருக்கு ஒண்ணுமே தெரியாது.

இப்போ அண்ணனோட காருக்கு வருவோம். 2001-ல் வந்த முதல் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படத்தில் ஆரஞ்சு கலர்ல ஒண்ணு பறக்குமே, அதே தலைமுறைதான். 1993-ல் வந்த மாடல். உள்ளே இருக்கிற 3 லிட்டர், 6 சிலிண்டர் 2ஜேஇசட் இன்ஜின் இரும்பு பிளாக், எவ்வளவு அடிச்சாலும் தாங்கும்னு பேர் வாங்கினது. அந்தப் பேரை நம்பித்தான் பல பேர் பெட்ரோல் பக்கம் கோட்டை விடறாங்க.

இங்கேதான் ஒரு பழைய ஜப்பான் சமாச்சாரம் குறுக்கே வருது. அந்த ஊர் கார் கம்பெனிகள் 280 குதிரைசக்திக்கு மேல விளம்பரம் செய்யறதில்லைன்னு தங்களுக்குள்ள ஒரு வாய்மொழி ஒப்பந்தம் வெச்சிருந்தாங்க. 2004-ல்தான் அது முடிவுக்கு வந்தது. அதனால ஜப்பானுக்குள்ள வித்த டர்போ சுப்ராவுக்கு 280. வெளிநாட்டுக்குப் போன சுப்ராவுக்கு 320. வெளியே பார்த்தா ரெட்டைப் பிள்ளைங்க. ஆனா ஜப்பான் காரில் நிமிஷத்துக்கு 440 சி.சி. தெளிக்கிற இன்ஜெக்டர், வெளிநாட்டுக் காரில் 550 சி.சி. அமெரிக்காக்காரர் ஒருத்தர் "ஸ்டாக் இன்ஜெக்டரே 450 குதிரைக்குப் போதும்"னு சொன்னா, அவர் பொய் சொல்லலை. அது உங்க அண்ணன் காருக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்!

பேப்பரும் பேனாவும் எடுங்க. (மெக்கானிக்கல் பையன்தானே, பயப்படக் கூடாது.) டர்போ பெட்ரோல் இன்ஜின் முழு மிதியில் ஒரு குதிரைக்கு மணிக்கு ஏறக்குறைய 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். 600 குதிரைக்கு 162 கிலோ. லிட்டர்ல சொன்னா மணிக்கு கிட்டத்தட்ட 220. சுப்ராவோட டேங்க்கே 70 லிட்டர்தான். மிதிச்ச காலை எடுக்காம ஓட்டினா இருபது நிமிஷத்தில் டேங்க் காலி!

220 லிட்டரை ஆறு இன்ஜெக்டருக்குப் பிரிச்சா ஒண்ணுக்கு நிமிஷத்துக்கு 610 சி.சி. ஆனா இன்ஜெக்டரை 100 சதவீதம் திறந்தே வெச்சிருக்கக் கூடாது. 80-லேர்ந்து 85 சதவீதத்தோட நிறுத்திக்கணும். அப்படிப் பார்த்தா 760 சி.சி.யாவது வேணும். அண்ணன்கிட்ட இருக்கிறது 440. அதே கணக்கைத் திருப்பிப் போட்டா 365 குதிரையோட அது கைதூக்கிடும்.

அடுத்து அவர்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி: 600 எங்கே? இன்ஜின்லயா, டயர்லயா? டைனோ மெஷின் காட்டறது டயருக்கு வந்து சேர்ற சக்தி. வழியில கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் ஒரு 15 சதவீதம் சாப்பிட்டுடும். டயர்ல 600 வேணும்னா இன்ஜின்ல 700. பெட்ரோல் 255 லிட்டரைத் தாண்டும், இன்ஜெக்டர் 900 சி.சி.க்குப் போகும். என்னைக் கேட்டா, 1,000 சி.சி.யாவே வாங்கிடலாம். முன்னெல்லாம் அவ்வளவு பெருசு போட்டா சிக்னல்ல நிக்கும்போது கார் இருமிக்கிட்டே இருக்கும். இப்போ வர்ற நல்ல இன்ஜெக்டர்கள் அமைதியா நிக்குது.

பம்ப்புக்கு வருவோம். ரொம்பப் பேர் ஏமாறுற இடம் இதுதான். '255 லிட்டர்'னு பெட்டியில் போட்டிருப்பாங்க. 220-தானே வேணும், போதுமேன்னு தோணும். அந்த 255 ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் அளந்தது. டர்போ 1.5 பார் காற்றைத் திணிக்கும்போது, அது இன்ஜெக்டர் வாயிலேயே எதிர்த்துத் தள்ளும். அதைச் சமாளிக்க ரெகுலேட்டர் பெட்ரோல் அழுத்தத்தையும் அதே அளவு ஏத்தி 4.5 பாராக்கும். அழுத்தம் ஏற ஏற பம்ப் தர்ற அளவு குறைஞ்சுக்கிட்டே வரும். 600-க்கு அது விளிம்பு, 700-க்கு எட்டவே எட்டாது. 450 லிட்டர் வகை பம்ப் ஒண்ணு போட்டா நிம்மதி. நம்பகமான கடையில் வாங்கச் சொல்லுங்க. பிரபல பிராண்ட் பம்புகளுக்கு அச்சு அசல் போலி நிறைய உலவுது.

பம்ப் பெருசானா மட்டும் போதாது. முப்பது வயசு கார், முப்பது வயசு ஒயர். பேட்டரியில் 13.5 வோல்ட் இருந்தாலும் பம்புக்குப் போய்ச் சேர்றது குறைஞ்சிருக்கும். வோல்ட் குறைஞ்சா பெட்ரோலும் குறையும். பேட்டரியிலிருந்து தடியான ஒயர், ரிலே, ஃபியூஸ். மொத்தச் செலவில் இதுதான் சீப். இதைத்தான் முதல்ல மறப்பாங்க! இன்னொண்ணு, பெரிய பம்ப் அனுப்பற பெட்ரோலை ஐடிலில் பழைய ரெகுலேட்டரால் முழுசா டேங்க்குக்குத் திருப்பி அனுப்ப முடியாது, அழுத்தம் தானா ஏறிடும். அதனால ரெகுலேட்டரும் மாறும். ஹோஸ், ஃபிட்டிங்கில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. சூடான டர்போவுக்குப் பக்கத்தில் 4.5 பாரில் பெட்ரோல் பீய்ச்சினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. காருக்குள்ள ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.

ஆஸ்திரேலியாவில் சில பங்குகளில் ஈ85 கிடைக்கும். 85 சதவீதம் வரை எத்தனால். நாக் ஆகாது, குளிர்ச்சியும் தரும், ட்யூனர்களுக்கு அல்வா. ஆனா அளவில் மூணில் ஒரு பங்கு அதிகமா ஊத்தணும். அப்போ 700 குதிரைக்கு 1,200 சி.சி.கூட விளிம்புதான். பம்பும் ஹோஸும் எத்தனாலைத் தாங்கற வகையா இருக்கணும். 'என்னிக்காவது ஈ85-க்குப் போவேன்'னு அண்ணனுக்கு ஆசை இருந்தா அதை இப்பவே முடிவு பண்ணி, அதுக்கேத்ததா ஒரே தடவை வாங்கட்டும். ரெண்டு தடவை இன்ஜெக்டர் வாங்கினவங்க கதை எனக்கு நிறையத் தெரியும்!

காசு இல்லைன்னா? டர்போவைக் கழட்ட வேண்டாம். வேஸ்ட்கேட்டில் இருக்கிற ஸ்பிரிங் எத்தனை பாருக்குன்னு பார்க்கட்டும். பூஸ்ட்டை அதுக்குக் கீழே இறக்க முடியாதுங்கறதால, மெலிசான ஸ்பிரிங்கா மாத்தி, 350 குதிரைக்குள்ள ட்யூன் பண்ணி ஓட்டட்டும். பழைய பம்பும் தெம்பா இருக்கான்னு அப்பவே தெரிஞ்சுடும். நல்ல வைட்பேண்ட் மீட்டரும், பெட்ரோல் அழுத்தத்தைப் பதிவு பண்ற சென்சாரும் முதல் செலவு. டைனோவில் மிதிக்கும்போது அழுத்தக் கோடு பூஸ்ட்டோட சேர்ந்து ஏறணும். பூஸ்ட் 1 பார்னா பெட்ரோல் 4 பார். நடுவில அந்தக் கோடு தொய்ஞ்சா காலை எடுத்துடணும்.

அண்ணன் காரில் இருக்கிற இன்ஜெக்டரோட நம்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க தம்பி. முன்னாடி வெச்சிருந்தவர் ஏற்கெனவே 550 மாத்தியிருந்தாலும் மாத்தியிருக்கலாம். நல்ல சேதின்னா அடுத்த வாரம் இதே பக்கத்தில் கணக்கை மறுபடி போட்டுடலாம்.