கலப்பு வேறு, கலப்படம் வேறு

'கலவைச் சரக்கு' என்றதும் முகம் சுளிக்கும் வாடிக்கையாளரை நாம் அனைவரும் அறிவோம். இந்தக் கெட்ட பெயர் கலவைக்குத் தகுமா? தென்னாப்பிரிக்க வெள்ளை ஒயின் இதற்கு விடை தருகிறது. அது நம் கடைச் சரக்கு அல்ல. எனினும் அதைச் சோதிக்கும் முறை எந்த வணிகருக்கும் பயன்படும்.

கேப் டவுனுக்கு வடக்கே ஸ்வார்ட்லாண்ட் என்றொரு வறண்ட பகுதி உண்டு. அங்கே விளைந்த செனின் பிளாங் திராட்சை, நெடுங்காலம் மலிவு விலை ஒயினுக்கும் பிராந்திக்குமே போயிற்று. 2002-ஆம் ஆண்டு அறுவடையில் ஈபன் சாடி என்பவர் அதே செனினுடன் வேறு வகைகளையும் சேர்த்து 'பல்லாடியஸ்' என்னும் ஒயினைத் தயாரித்தார். கலந்ததால் மதிப்புக் குறையவில்லை, உயர்ந்தது. இத்தகைய கலவையில் செனின் புளிப்பைத் தரும். வியோனியே மணத்தைத் தரும். ரூசான் கனத்தைத் தரும்.

இதை எடைபோடுவது எப்படி? பாட்டிலைத் துணியால் மூடி, பெயரையும் விலையையும் மறைத்துவிட வேண்டும். அதிகம் குளிரவைக்கக் கூடாது. குளிரில் மணமும் அடங்கும், குறையும் ஒளிந்துகொள்ளும். முதலில் நிறம், பிறகு மணம், அதன்பின் சுவை. சுவைத்ததைத் துப்பிவிடுவார்கள். ஒன்று மட்டும் துருத்தி நிற்கிறதா, எல்லாம் இசைந்திருக்கிறதா, துப்பிய பின்னும் சுவை நிற்கிறதா என்பவையே கேள்விகள்.

அந்நாட்டில் 1973 முதல் சான்றிதழ் முறை உள்ளது. ஒரே திராட்சை வகையின் பெயரை லேபிளில் போட்டால் குறைந்தது 85 சதவீதம் அதுவே இருக்க வேண்டும். பெயர் மறைத்த சுவைச் சோதனையில் தேறினால்தான் முத்திரை கிடைக்கும்.

அப்படியிருந்தும் 2004-இல் ஒரு பெரிய நிறுவனத்தின் ஒயினில் அனுமதியற்ற மணமூட்டி சேர்த்தது வெளிப்பட்டது. தயாரித்த இருவர் வேலை இழந்தனர். கவனியுங்கள்: அது கலவை ஒயின் அல்ல, சாவிஞான் பிளாங் என்னும் ஒரே வகையின் பெயரில் வந்த ஒயின்!

குற்றம் கலப்பதில் இல்லை, மறைப்பதில்தான் இருக்கிறது. காப்பித் தூளில் சிக்கரியின் அளவை எழுதி விற்றால் கலப்பு. மறைத்து விற்றால் கலப்படம். ஆகவே தேயிலையோ காப்பித் தூளோ, மொத்த வியாபாரியிடம் விலை கேட்கும் முன் சுவைத்துப் பாருங்கள். கலந்திருப்பதை வாடிக்கையாளரிடம் துணிந்து சொல்லுங்கள். சொல்லி விற்கும் சரக்கே கடையின் நாணயத்தைக் காக்கும்.