மலைவழிச் சாலையில் ஒரு பாடம்



சென்ற பொங்கல் விடுமுறையில் குடும்பத்துடன் லாங் ஐலண்டுக்குச் சென்று வந்தோம். அது கடல் சூழ்ந்த தீவாயினும் பயணத்தின் பெரும்பகுதி தரைவழியே. 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரிலிருந்து அந்தமான் டிரங்க் ரோடு வழியாக ரங்கத் வரை ஏறத்தாழ 170 கி.மீ. பேருந்து, பின்னர் எரட்டா துறையில் படகு.

விடியுமுன் புறப்பட்டு ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காத்திருந்தோம். குறித்த வேளைகளில் மட்டுமே வண்டிகளை வரிசையாகக் காவலுடன் விடுகின்றனர். அப்பாலுள்ள காடு ஜாரவா மக்களுடையது. வண்டியை நிறுத்துதலும், படமெடுத்தலும், பண்டம் கொடுத்தலும் அங்கே குற்றமாகும்.

குன்றுகளை வளைந்தேறிச் சென்றது சாலை. வழியோரம் ஜாரவாச் சிறுவன் ஒருவன் நின்றிருந்தான். என் இளைய மகன் பிஸ்கட் பொட்டலத்தை ஜன்னலருகே கொண்டுபோனான். அவன் தாய் சட்டெனக் கையைப் பற்றினாள்.

“கொடுப்பதும் தவறா, அப்பா?” என்று கேட்டான். உடனே விடை கூற இயலவில்லை.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பேருந்தே படகிலேறிப் பாராடாங்குக்குக் கடந்தபோது சொன்னேன்: “அவர்கள் காட்டில் தம் உணவைத் தாமே தேடிக்கொள்பவர்கள். நம் பண்டம் அவர்களைச் சாலையோரம் காத்து நிற்கப் பழக்கிவிடும். நம் நோய்களும் உடன் செல்லும். 1999-ஆம் ஆண்டில் அவர்களிடையே தட்டம்மை பரவியது. அவர்களைக் காக்கவே 1956 முதல் சட்டம் உள்ளது. காட்டினூடே செல்லும் இச்சாலைப் பகுதியை மூடுமாறு 2002-இல் உச்சநீதிமன்றமும் ஆணையிட்டது.”

“அப்படியானால் நாம் ஏன் இவ்வழியே வந்தோம்?” என்றான். அதற்கு என்னிடம் விடையில்லை. சாலை இன்றும் ஓடுகிறது. அதில் சென்றவர்களில் நானும் ஒருவன்.

லாங் ஐலண்டில் காட்டுவழி நடந்து லாலாஜி வளைகுடாவை அடைந்தோம். வெண்மணலும் பசுநீலக் கடலும் களைப்பை மறக்கச் செய்தன. மர நிழலில் புளிச்சோறு உண்டபின் அந்தப் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து அனைவருக்கும் பங்கிட்டான் மகன். வெற்றுத்தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

செல்ல விரும்பும் அன்பர்கள் தங்குமிடத்தையும் படகு நேரத்தையும் முன்னரே விசாரித்துக்கொள்க. உப்பங்கழிகளில் முதலைகள் உண்டு. கண்ட இடத்தில் நீரில் இறங்கற்க.

திரும்பும்போது ஜிர்காடாங் காடு வந்ததும் மகன் தானாகவே ஜன்னலை மூடினான். பிழைப்பு நாடி இத்தீவுகளுக்கு வந்தவர்கள் நாம். வந்த வீட்டின் உள்ளறையை எட்டிப் பார்ப்பது விருந்தினர்க்கு அழகன்று. நம் பிள்ளைகளுக்கு இதனை வீட்டிலேயே சொல்லி அழைத்துச் செல்வோமாக.