எத்தினை சிசி எண்டு கேக்காதேங்கோ

“எத்தினை சிசி மச்சான்?”

இரண்டரை மீற்றர் இறக்கை உள்ள ரிமோட் விமானம் ஒன்று வானத்தில் கரணமடிக்கிற வீடியோவை எங்கட பொடியளுக்குக் காட்டிப் பாருங்கோ. முதலில் வருகிற கேள்வி இதுதான். மோட்டார் சைக்கிள் கதைத்துக் கதைத்துப் பழகின கேள்வி. 125 எண்டால் பரவாயில்லை, 150 எண்டால் எடுப்பு, 200 எண்டால் கதையே வேற. போனுக்கு மெகாபிக்சல், ஆளுக்கு இசட் ஸ்கோர், எஞ்சினுக்கு சிசி. ஒரு இலக்கத்தைச் சொல்லிவிட்டால் எங்களுக்கு மனம் ஆறிவிடும். பெரிய ஏரோபட்டிக் மொடல் விமானம் ஒன்றுக்குப் பெற்றோல் எஞ்சின் தெரிவு செய்யும்போது அந்தக் கேள்வி பிழையானது, ஆபத்தானதும்கூட என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கலைப்பீடத்தில இருக்கிற உனக்கு எஞ்சின் கதை ஏன் என்று கேட்கிற ஆக்களும் இருக்கினம். கவிதையில் ஒரு சொல் கூடினால் பிடித்துவைத்துத் திட்டுகிற எங்களுக்கு, விமானத்தின் மூக்கில் முந்நூறு கிராம் கூடினால் திட்ட உரிமை இல்லையா?

முதலில் எதைப் பற்றிக் கதைக்கிறோம் என்று பார்ப்போம். எக்ஸ்ட்ரா 300, எட்ஜ் 540, யாக் 54 மாதிரியான உண்மையான சாகச விமானங்களின் சிறு வடிவங்கள் இவை. சிறு வடிவம் என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறது. 50 சிசி வகுப்பில் இறக்கை 2.2 மீற்றர் வரும், பாரம் ஏழெட்டுக் கிலோ. 100 சிசி வகுப்பில் 2.6 மீற்றர், 11 அல்லது 12 கிலோ. 150க்கு மேலே போனால் மூன்று மீற்றர். பல்சா மரம், மெல்லிய பிளைவூட், கார்பன் குழாய் என்று ஒவ்வொரு கிராமையும் எண்ணிச் செய்தவை. இவற்றை வைத்து இரண்டு விதமாக விளையாடுகிறார்கள். ஒன்று, வட்டம், உருளல், சுழற்சி எல்லாவற்றையும் குறித்த ஒழுங்கில் பறந்து புள்ளி வாங்குவது. மற்றது 3டி. மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி, விமானத்தை அந்தரத்தில் தொங்கவிடுவார்கள். அந்த நேரம் இறக்கை எதையும் தூக்காது. முழுப் பாரமும் ப்ரொப்பெல்லரில் தொங்கும்.

இப்ப ஒரு கணக்கு. மனிதர் ஏறிப் பறக்கிற எக்ஸ்ட்ரா 300க்கு 300 குதிரைவலு எஞ்சின், ஆகக்கூடிய பாரம் 950 கிலோ. ஒரு குதிரைவலு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட இழுக்குது. 12 கிலோ மொடலுக்கு 100 சிசி எஞ்சின் போட்டால் கிட்டத்தட்ட 10 குதிரைவலு. ஒரு குதிரைவலுவுக்கு 1.2 கிலோதான். உலகப் போட்டிகளில் ஆட்கள் ஏறி ஓட்டுகிற விமானத்தை விட இரண்டரை மடங்கு வலு எங்கட விளையாட்டுச் சாமானுக்கு ஏற்கெனவே இருக்கு. இதுக்குள்ள நின்றுகொண்டு “இது 5 குதிரைவலு, அது 5.6, அப்ப அதுதான் திறம்” என்று சண்டை பிடிக்கிறதை என்னவென்று சொல்ல?

அந்த 5.6 எந்தச் சுற்று வேகத்தில் எடுத்த அளவு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நீங்கள் பூட்டுகிற ப்ரொப்பெல்லர் அந்த வேகத்துக்கு எஞ்சினைப் போகவே விடாமல் இருக்கலாம். விமானத்தைத் தூக்குவது குதிரைவலு நேரடியாக இல்லை, பின்னுக்குத் தள்ளப்படுகிற காற்று. சீலிங் ஃபான் மெதுவாகச் சுற்றி அறை முழுக்கக் காத்தடிக்குது. கம்பியூட்டருக்குள்ள இருக்கிற குட்டி ஃபான் கத்துற கத்துக்குக் கைலேஞ்சிகூட ஆடாது. ஒரே வலுவில் பெரிய வட்டத்தை மெதுவாகச் சுற்றினால் இழுவை கூட. அதனால்தான் 50 சிசி எஞ்சினுக்கு 22 அல்லது 23 அங்குலமும், 100 சிசிக்கு 27, 28 அங்குலமும் பூட்டுகிறார்கள். 28 அங்குல ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 6,500 தரம் சுற்றினால் அதன் நுனி செக்கனுக்கு 240 மீற்றருக்கு மேல் ஓடும். ஒலியின் வேகத்தில் மூன்றில் இரண்டுக்கும் மேல். அதற்கு மேல் சுற்றவைத்தால் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான். சத்தத்தைக் கேட்டு “என்ன வலு!” என்று வாய் பிளப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சிசி பாரத்தையும் சொல்லாது. இந்த எஞ்சின்களின் மூதாதையர் மரம் அறுக்கிற வாளிலும் புல்லு வெட்டுற மெஷினிலும் இருந்தவர்கள். ஜப்பானின் செனோவா 62 சிசி எஞ்சின் அந்தப் பரம்பரையில் பேர்போனது. காந்தச் சக்கரமும் கையுமாக இரும்புக் குண்டு மாதிரி இருக்கும், சாகாது. ஆனால் இண்டைக்கு வருகிற 50 சிசி எஞ்சினை விட அது பாரம் கூட, இழுவை கூட இல்லை. மற்றப் பக்கமும் பாருங்கோ. அமெரிக்காவின் டெசேர்ட் எயார்கிராஃப்ட் கொம்பனியின் டிஏ-100 இரண்டரைக் கிலோ. அதே கொம்பனி பிறகு விட்ட டிஏ-120, 20 சிசி கூட இருந்தும் 2.25 கிலோதான். சிசி பெருக்கப் பாரம் குறைந்திருக்கு. அப்ப அந்த இலக்கத்தை வைத்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?

மூக்கில் கூடுகிற பாரம் மூக்கோடு நிற்காது. எஞ்சின் ஈர்ப்பு மையத்துக்கு அரை மீற்றர் முன்னால் இருக்குது, வால் ஒரு மீற்றர் பின்னால் இருக்குது என்று வையுங்கோ. 300 கிராம் பாரம் கூடின எஞ்சினைப் போட்டால் சமன் செய்ய வாலில் 150 கிராம் ஈயம் வேணும். ஆக 450 கிராம். இரண்டு முனையிலும் பாரம் கூடினதால் சுழற்சியைத் தொடங்கவும் நேரம் எடுக்கும், நிறுத்தவும் நேரம் எடுக்கும். பெரிய எஞ்சின் போட்டு ஆசையாக வாங்கின விமானம் எருமை மாதிரித் திரும்பும். தயாரித்தவர் இந்த விமானம் 50 முதல் 60 சிசிக்கு என்று எழுதியிருந்தால் அதில் 85ஐத் திணிக்கிறது வீரம் இல்லை.

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது வேற ஒன்று. எஞ்சின் மெதுவாக ஓடும்போது எப்படி ஓடுது? 3டி பறப்பில் அரைவாசி நேரம் த்ரொட்டில் அடியில் இருக்கும். பிறகு ஒரு கணத்தில் முழுதாகத் திறக்க வேணும். அந்தக் கணத்தில் எஞ்சின் “ப்பூ” என்று ஒரு மூச்சுத் திணறினால் விமானம் நிலத்திலிருந்து மூன்று மீற்றர் உயரத்தில் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு தொங்காது. உயரத்தில் நின்றாலும் கிளைடர் மாதிரி மிதந்து வராது, இவ்வளவு பெரிய ப்ரொப்பெல்லரும் பரந்த உடம்பும் காற்றைப் பிடித்து நிறுத்தும். மூக்கைக் கீழே குத்தி வேகத்தைக் காப்பாற்றத் தெரியாவிட்டால் முடிஞ்சுது. பேப்பரில் அரைக் குதிரைவலு குறைந்த, ஆனால் அடி வேகத்தில் பூனை மாதிரி உறுமிக்கொண்டு நிற்கிற எஞ்சினைத்தான் நான் எடுப்பேன். இந்தக் குணம் ஒரு இலக்கத்திலும் வராது. கார்புரேற்றரின் இரண்டு ஊசிகளையும் காது வைத்துத் திருப்பத் தெரிய வேணும், கையேட்டில் சொன்ன கணக்கில் பெற்றோலையும் 2-ஸ்ட்ரோக் ஒயிலையும் கலக்க வேணும், முதல் சில லீற்றர்கள் பொறுமையாக ஓடப் பழக்க வேணும்.

இதை யாழ்ப்பாணத்துப் பெரியாக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின ஆக்கள் அவை. எஞ்சின் இருமினால் கலவை கூடவா குறையவா என்று சத்தத்திலேயே சொல்லுவினம். அவையின்ர பிள்ளையள் நாங்கள் யூரியூப்பில் சிசி எண்ணிக்கொண்டு இருக்கிறம்.

கொம்பனிச் சண்டைக்கு வருவோம். டிஏ ஆக்கள் சீன டிஎல்ஈயைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறார்கள், டிஎல்ஈ ஆக்கள் டிஏ வாங்கினவரைக் காசு எரிக்கிறவர் என்கிறார்கள். டிஏ-50 நேர்த்தியான எஞ்சின்தான், விலையும் அப்படித்தான். டிஎல்ஈ-55ஐ வருடக்கணக்காகப் பறக்கவிடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கினம். முதல் பெரிய விமானம் செய்கிற ஆளுக்கு ஒற்றைச் சிலிண்டர் 55 போதும் என்பது என்ர முடிவு. அது இரட்டைச் சிலிண்டரை விட அதிரும், உண்மை. எதிரெதிரே படுத்திருக்கிற இரண்டு பிஸ்டன்களும் ஒன்றையொன்று சமன் செய்வதால் 100 சிசி இரட்டை வெண்ணெய் மாதிரி ஓடும். ஆனால் அது கேட்கிற விமானமும் பெரிது, காசும் பெரிது. 55இல் மிச்சம் பிடித்த காசை சேர்வோக்களுக்குப் போடுங்கோ. எஞ்சின் நின்றாலும் கெட்டிக்காரர் இறக்கிவிடுவார். வாலில் உள்ள சேர்வோ செத்தால் கெட்டிக்காரரும் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேணும்.

“மின்சாரத்துக்கு மாறு, பெற்றோல் பழைய கதை” என்கிற கட்சியும் உண்டு. சின்ன விமானங்களில் அவர்கள் சொல்வது சரி, சண்டைக்கு வரமாட்டேன். பெரிய விமானத்தில் ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு சோடி பெரிய லித்தியம் பற்றரி வேணும், அதுகளுக்கு ஆயுளும் குறைவு. 50 சிசி எஞ்சின் பத்து நிமிடத்துக்கு அரை லீற்றர் அளவில்தான் குடிக்கும். 2022இல் கியூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கினோமே, அதில் எட்டுத் தரம் பறந்திருக்கலாம். பறக்கிற மனநிலையில் அப்ப யார் இருந்தது என்பது வேற கதை.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், 12 கிலோ விமானம் மணிக்கு 100 கிலோமீற்றரில் வருவது, 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று மூன்று மாடி உயரத்திலிருந்து விழுகிற அடிக்குச் சமன். முன்னால் சுழல்கிற கத்தியைச் சேர்க்காமல். 2013இல் நியூயோர்க்கில் 19 வயதுப் பொடியன் ஒருத்தர் தன்ர ரிமோட் ஹெலிகொப்டரின் பிளேட் பட்டு இறந்துபோனார். அனுபவமுள்ள ஆள். அதில் பெற்றோல் எஞ்சின்கூட இல்லை. அமெரிக்க மொடல் விமானச் சங்கத்தில் 55 இறாத்தலுக்கு மேற்பட்ட விமானத்துக்குத் தனியாகப் பரிசோதனையும் அனுமதியும் வேணும். இங்கே 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு ஆளில்லாமல் பறக்கிற எல்லாத்தையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். அனுமதி இல்லாமல் கோயில் வெளியில் இதைத் தூக்கிக்கொண்டு போகிற விளையாட்டு வேண்டாம்.

அதனால் எஞ்சின் வாங்கும் பட்டியலில், சிசிக்கு முன்னால், ரிமோட்டிலிருந்தே பற்றவைப்பை நிறுத்துகிற சுவிட்ச் ஒன்றை எழுதுங்கோ. சிக்னல் அறுந்தால் த்ரொட்டில் தானாக அடிக்கு வருகிற மாதிரி ரிசீவரைப் போட்டு வைச்சு, ஒவ்வொரு நாளும் பறக்க முன்னம் அதைச் சோதியுங்கோ. ஸ்டார்ட் பண்ணேக்க வாலைப் பிடிக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆளுக்கு எஞ்சின் எத்தினை சிசி எண்டு தெரிஞ்சிருக்கத் தேவையில்லை. நீங்கள் கையைக் காட்டும்வரை விடாமல் பிடிக்கத் தெரிஞ்சால் காணும்.